வண்டியை விற்கலாம், பெயரை விற்கலாமா?



என் வகுப்பு மாணவன் ஒருவன் தொடர்ந்து ஒன்பது நாள் பள்ளிக்கு வரவில்லை. படிப்பில் சுட்டி, விடுப்பு எடுக்கும் பழக்கம் இல்லாதவன். தொலைபேசியில் அழைத்தால் யாரும் எடுக்கவில்லை. பத்தாம் நாள் மாலை ஆயர் ஈத்தாமில் உள்ள அவனுடைய அடுக்குமாடி வீட்டிற்கே சென்றேன். கதவைத் திறந்த தந்தையார் என்னைக் கண்டதும் தலைகுனிந்தார். "வண்டியை இழுத்துக்கிட்டுப் போயிட்டாங்க சார்" என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை.

அந்த வண்டி ஒரு பழைய பெரோடுவா வீவா. அதில்தான் விடியற்காலையில் மூன்று பிள்ளைகளையும் பள்ளியில் இறக்கிவிட்டு, அவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குச் செல்வார். இரண்டு ஆண்டுகளாக மாதந்தோறும் தவறாமல் பணம் கட்டியிருக்கிறார். ஆனால் கட்டியது வங்கியில் அன்று. ஓர் இடைத்தரகர் கையில். வண்டியின் பதிவும் கடனும் அவர் நேரில் கண்டிராத வேறொருவர் பெயரில் இருந்தன. கடைசி நான்கு மாதப் பணத்தைத் தரகர் வங்கியில் கட்டவே இல்லை. வங்கி அனுப்பிய அறிவிப்புக் கடிதமோ பெயருக்கு உரியவரின் பழைய முகவரிக்குச் சென்றது. பணம் கட்டியவருக்கு ஒரு வரிச் செய்தியும் வரவில்லை. ஒரு நாள் விடியலில் வண்டிதான் போயிற்று.

இதற்கு நம் நாட்டில் 'சம்போங் பாயார்' என்று பெயர். ஒருவர் வாங்கிய கடனை இன்னொருவர் தொடர்ந்து கட்டுவது. இதன் உடன்பிறப்பு இன்னொன்றும் நம்மிடையே உண்டு. 'என் பெயரில் கடன் கிடைக்காது, உங்கள் பெயரில் எடுத்துக் கொடுங்கள், மாதாமாதம் நான் கட்டிவிடுகிறேன்' என்பது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களாகிய நாம் இந்தச் சொற்களை எத்தனை முறை கேட்டிருப்போம்! அரசாங்கச் சம்பளச் சீட்டு வைத்திருப்பவன் என்பதால் உறவினர், நண்பர், பக்கத்து வீட்டார் என்று எல்லாரும் முதலில் நம் வாசலுக்குத்தான் வருகிறார்கள்.

பழைய வண்டி வாங்குவது பற்றியும் விற்பது பற்றியும் பராமரிப்பது பற்றியும் இன்று எழுத நினைத்தேன். எதை எழுதினாலும் எண்ணம் சுற்றிச் சுற்றி இந்த ஒரு கருத்திலேயே வந்து நிற்கிறது. வண்டி யாருடையதோ, பெயரும் அவருடையதாகவே இருக்க வேண்டும்.

வண்டி ஆடம்பரமா?

1985ஆம் ஆண்டு பினாங்கு மக்களால் மறக்க முடியாதது. அவ்வாண்டு ஜூலையில் நாட்டின் முதல் தேசிய மகிழுந்தான புரோட்டோன் சாகா வெளிவந்தது. அதே ஆண்டில் பினாங்குப் பாலமும் திறக்கப்பட்டது. அன்றைய பிரதமர் மகாதீர் முகமது புதிய பாலத்தின் மீது புதிய சாகாவை ஓட்டிச் சென்றார். தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே சாலை வந்தது; நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டும் வண்டியும் வந்தது. பிறகு 1994இல் பெரோடுவா கஞ்சில் வந்தபோது தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் குடும்பங்கள் பலவற்றுக்கு அதுவே முதல் மகிழுந்து ஆயிற்று. அதுவும் பெரும்பாலும் இரண்டாம் கை, மூன்றாம் கை மகிழுந்து. 2009இல் கஞ்சில் உற்பத்தி நின்றுவிட்ட பின்னும் நம் சாலைகளில் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

'வசதி இல்லாதவனுக்கு வண்டி எதற்கு?' என்று கேட்போர் உளர். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இரவு வேலை முடிந்து வீடு திரும்புகின்றவனுக்குப் பேருந்து எங்கே? பட்டர்வொர்த்துக்கும் தீவுக்கும் இடையே மகிழுந்துகளை ஏற்றிச் சென்ற படகுச் சேவையும் 2020ஆம் ஆண்டின் இறுதியோடு நின்றுபோயிற்று. மூன்று பிள்ளைகளை மோட்டார் சைக்கிளில் அடுக்கிக்கொண்டு மழையில் செல்லும் பெற்றோரைக் காணும்போதெல்லாம் என் நெஞ்சு பதைக்கிறது. ஆகவே, பழைய மகிழுந்து என்பது பெருமைக்கான பொருளன்று. வயிற்றுப்பாட்டுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் உரிய கருவி. கருவியைத் தவறான முறையில் வாங்கினால் அது குடும்பத்தையே அறுக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தவணை முறையில் வாங்கிய வண்டி, கடைசித் தவணை கட்டி முடியும்வரை வங்கியின் உடைமையே ஆகும். நாம் அதை வாடகைக்கு வைத்திருப்பவர் மட்டுமே. இதைத்தான் 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம் சொல்கிறது. நமக்கே உடைமையாகாத ஒன்றை வங்கி அறியாமல் பிறரிடம் எப்படி விற்க முடியும்? சம்போங் பாயார் என்பது அந்தச் சட்டத்துக்கு முரணானது.

அதே சட்டம் வாங்கியவருக்குச் சில பாதுகாப்புகளையும் தருகிறது. தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறினால்தான் வங்கி வண்டியை எடுக்க முனையலாம். அதற்கு முன் 21 நாள் எழுத்து மூல அறிவிப்புத் தர வேண்டும். விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டிவிட்டால், நீதிமன்ற ஆணை இல்லாமல் வண்டியைத் தொடவே முடியாது. எவ்வளவு நல்ல ஏற்பாடு! ஆனால் இவையெல்லாம் ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே உரியவை. என் மாணவனின் தந்தையார் இரண்டு ஆண்டுகள் பணம் கட்டியும் சட்டத்தின் கண்ணுக்கு அவர் யாரோ ஒருவர்.

இனி, பெயர் கொடுத்தவரின் நிலையைப் பார்ப்போம். எடுத்துச் சென்ற வண்டியை வங்கி ஏலத்தில் விடும். ஏலத்தொகை கடனுக்குப் போதாவிட்டால் மீதியைப் பெயர் கொடுத்தவரே கட்ட வேண்டும். தவறிய தவணைகள் பேங்க் நெகாராவின் கடன் பதிவேட்டில் ஏறும். நாளை தம் பிள்ளைக்கு வீடு வாங்க அவர் வங்கிக்குச் சென்றால் அந்தப் பதிவே முன்னால் வந்து நிற்கும்.

'பிணையாளர்களைத்தான் இப்போது திவாலாக்க முடியாதே?' என்று ஒரு நண்பர் கேட்டார். அவர் சொன்னதில் பாதி உண்மை. 2017இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, கல்விக் கடனுக்கும் குடியிருக்கும் வீட்டுக் கடனுக்கும் சொந்த உபயோக வண்டிக் கடனுக்கும் ஆதாயம் கருதாமல் பிணை நின்றவர் மீது திவால் வழக்குத் தொடுக்க முடியாது. ஆனால் பெயர் கொடுத்தவர் பிணையாளர் அல்லர், அவரேதான் கடனாளி! சட்டம் பிணை நின்றவரைக் காத்தது. பெயர் கொடுத்தவரைக் காக்கவில்லை. இந்த வேறுபாடு தெரியாமல் பலர் இன்னும் கையெழுத்துப் போடுகிறார்கள்.

விற்கும்போது நான் செய்த பிழை

பிறருக்கு உபதேசம் செய்கின்ற நானும் ஒரு காலத்தில் அறியாமல் நடந்தவன்தான். 2003இல் நான் வாங்கிய பழைய கஞ்சிலை 2009இல் ஒரு வண்டி வணிகரிடம் விற்றேன். பெயர் மாற்றப் படிவத்தில் வாங்குபவர் பெயரை நிரப்பாமலேயே கையொப்பம் கேட்டார். 'ஆள் கிடைத்ததும் நிரப்பிக்கொள்கிறேன்' என்றார். நானும் போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீடு வந்தேன். ஏழு மாதம் கழித்துக் கெடாவில் வேக வரம்பை மீறியதாக எனக்குச் சம்மன் வந்தது. பிறகு இன்னொன்று. வண்டி எங்கோ யாரிடமோ ஓடிக்கொண்டிருக்கிறது. பெயரோ இன்னும் என்னுடையது. அந்த வண்டி யாரையாவது மோதியிருந்தால்? ஏதேனும் குற்றத்துக்குப் பயன்பட்டிருந்தால்? அன்றிரவு நான் உறங்கவில்லை.

ஆகவே, விற்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். சாலைப் போக்குவரத்துத் துறையின் பதிவில் பெயர் மாறும் நாளே வண்டி விற்ற நாள். பணம் கைக்கு வந்த நாள் அன்று. எந்த வணிகரிடமும் எந்த உறவினரிடமும் வெற்றுப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். கடன் மீதமிருந்தால் முதலில் அதைத் தீர்த்து, வங்கியின் உரிமைக் கோரிக்கையைப் பதிவிலிருந்து நீக்குங்கள். காப்புறுதியில் பல ஆண்டு விபத்தின்றி ஓட்டிச் சேர்த்த கழிவு, அதாவது என்.சி.டி., வண்டிக்கு உரியதன்று, உங்களுக்கு உரியது. அது 55 விழுக்காடு வரை உயரக்கூடியது. அதை உங்கள் அடுத்த வண்டிக்கு மாற்றிக்கொள்ள மறவாதீர்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

புது வண்டி வாங்கினால் குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் ஆலயத்தின் முன் நிறுத்தி, நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். நம்பிக்கையை நான் குறை கூறவில்லை, நானும் செய்தவன்தான். ஆனால் பழம் நசுங்குவதற்கு முன்பே அந்தச் சக்கரங்களைக் குனிந்து பார்த்தோமா?

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் பழைய டயர் வெயிலில் இறுகி வெடிக்கக்கூடும்.

பினாங்கில் வாழும் நாம் வெள்ளத்தையும் மறக்கலாகாது. 2017 நவம்பர் 4, 5ஆம் நாள்களில் பெய்த மழையில் தீவிலும் செபெராங் பிறையிலும் எத்தனை வண்டிகள் மூழ்கின! 2021 டிசம்பரில் ஷா ஆலம் பகுதியிலும் அதே நிலை. மூழ்கிய வண்டியைக் கழுவி மினுக்கி விற்பது அரிதன்று. இருக்கை வாரைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். மடிப்புக்குள் சேற்றுக்கறை தெரியலாம். தரைவிரிப்பைத் தூக்குங்கள். இருக்கையைத் தாங்கும் திருகுகளில் துரு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். முன்விளக்கினுள் நீர்த்திவலை இருக்கிறதா, கதவை மூடினால் புழுங்கல் வாடை வருகிறதா என்று கவனியுங்கள். வாசனைத் திரவியம் மிகுதியாகத் தெளித்த வண்டி என்றால் இன்னும் கவனம் தேவை.

ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். அதைக் குறைத்துக் காட்டி விற்பது 2011ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டப்படி குற்றம், ஆனாலும் நடக்கிறது. 50,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்பார்கள். பிரேக் மிதியின் இரப்பரும் திசைமாற்றிச் சக்கரத்தின் தோலும் தேய்ந்து பளபளக்கும். எண் பொய் சொன்னாலும் தேய்மானம் பொய் சொல்லாது. சேவைப் பதிவேடு இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

'பெயர் மாற்றத்துக்குப் புஸ்பாகோமில் சோதித்துவிட்டார்களே, பிறகென்ன?' என்பது பலருடைய எண்ணம். அந்தச் சோதனையில் இயந்திர எண், அடிச்சட்ட எண், பிரேக், புகை முதலியவற்றைப் பார்க்கிறார்கள். வண்டி சாலையில் ஓடத் தகுதி உடையதா என்பதற்கே அது சான்று. கேட்கும் விலைக்குத் தகுதி உடையதா என்பதற்கன்று. உங்கள் நம்பிக்கைக்குரிய போமனை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் ஐம்பது, நூறு வெள்ளி வீண் செலவாகாது.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. 2014 ஜூலையில் சரவாக், சிபுவில் ஒரு ஹோண்டா சிட்டி விபத்துக்குள்ளானபோது, அதன் தக்காத்தா காற்றுப்பை வெடித்துச் சிதறியதில் கருவுற்ற பெண் ஒருவர் உயிரிழந்தார். காக்க வேண்டிய பையே கொன்றது. அவ்வகைக் காற்றுப்பைகளை ஹோண்டா இலவசமாகவே மாற்றித் தருகிறது. ஆனால் கை மாறி மாறி வந்த வண்டிகளின் உரிமையாளருக்கு அழைப்புக் கடிதம் போய்ச் சேர்வதில்லை. பெயர் மாற்றாத வண்டிக்குச் சொல்லவே வேண்டாம். பழைய ஹோண்டா வாங்குவோர் அடிச்சட்ட எண்ணைக் கொடுத்து, பை மாற்றப்பட்டுவிட்டதா என்று கட்டாயம் கேட்டறிய வேண்டும்.

வணிகர் ஏமாற்றிவிட்டால் அழுதுகொண்டு வீட்டில் இருக்காதீர்கள். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. நம் ஊரிலேயே 1969ஆம் ஆண்டு முதல் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. அங்குச் சென்று தமிழிலேயே முறையிடலாம். ஆனால் இவற்றுக்கெல்லாம் உங்கள் பெயர் எழுதிய இரசீது வேண்டும். மீண்டும் பெயரிலேயே வந்து நிற்கிறோம், பார்த்தீர்களா?

தவணைக் கணக்கு

2012இல் நான் பழைய மைவி ஒன்றை வாங்கியபோது 20,000 வெள்ளி கடன் தேவைப்பட்டது. நிலையான வட்டி ஆண்டுக்கு 4.5 விழுக்காடு என்றார்கள். ஐந்தாண்டுத் தவணை என்றால் வட்டி 4,500. மாதம் ஏறத்தாழ 408 வெள்ளி. ஏழாண்டு என்றால் வட்டி 6,300. மாதம் 313 வெள்ளி. விற்பனையாளர் ஏழாண்டையே வலியுறுத்தினார். மாதம் 95 வெள்ளி குறைவுதான். ஆனால் மொத்தத்தில் 1,800 வெள்ளி கூடுதல். மேலும், நிலையான வட்டி என்பது அசல் குறையக் குறையக் குறைவதில்லை. முதல் நாள் கடன் தொகைக்கே கடைசி மாதம் வரை வட்டி. அதனால் அந்த 4.5 என்பது உண்மையில் எட்டு விழுக்காட்டைத் தாண்டிவிடும். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான் இது. பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகின்ற நாம், கையெழுத்திடும் மேசையில் மட்டும் மறந்துவிடுகிறோம்.

பராமரிப்பு

வாங்கிய பின் வண்டியைக் காப்பதும் ஒரு சேமிப்பே. என் கஞ்சில் ஒரு முறை பினாங்குப் பாலத்தின் நடுவே நின்றுவிட்டது. இயந்திரத்தின் டைமிங் வார் அறுந்துபோயிற்று. அதை மாற்றும்படி போமன் முன்பே சொல்லியிருந்தார். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று நான் தள்ளிப்போட்டேன். இழுவை வண்டிக்கும் பழுதுக்கும் கொடுத்த பணத்தில் மூன்று முறை வார் மாற்றியிருக்கலாம். கஞ்சில், வீரா போன்ற பழைய வண்டி வாங்கினால், முன்னவர் எப்போது வார் மாற்றினார் என்று கேளுங்கள். விடை தெரியாவிட்டால் உடனே மாற்றிவிடுங்கள். மைவியில் சங்கிலி இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் எண்ணெயைக் காலத்தில் மாற்றாவிட்டால் சங்கிலியும் தேயும்.

ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றுவது நம்மவர் பலரின் வழக்கம். உள்ளே துருப்பிடித்து அடைத்துக்கொள்ளும். உரிய குளிர்ப்பிநீரையே ஊற்ற வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. இரண்டாண்டுக்கு ஒரு முறை மாற்றாவிட்டால், துன் சார்டோன் சாலை வழியே பாலேக் பூலாவுக்கு இறங்கும்போது சூடேறி மிதி பயனற்றுப் போகலாம். மலையிறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு செல்லாமல் கியரைக் குறைத்துச் செல்வதே நலம்.

ஏழை என்ன செய்வான்?

'இவ்வளவும் சரி ஐயா. வங்கியில் கடன் கிடைக்காதவன் என்ன செய்வான்? அவன் பிள்ளைகள் நடந்து போவதா?' இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சம்பளச் சீட்டு இல்லாதவர், முன்பு ஒரு முறை தவறியவர், ஒப்பந்தக் கூலியாக வேலை செய்பவர் ஆகியோரை வங்கி திருப்பி அனுப்பிவிடுகிறது. அவர்களுடைய தேவையைத்தான் தரகர் காசாக்குகிறார்.

இதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. ஆயினும் சிலவற்றைச் சொல்லலாம். தரகரிடம் முன்பணம் என்று கொடுக்கும் சில ஆயிரம் வெள்ளியோடு இன்னும் சில மாதங்கள் பொறுத்துச் சேமித்தால், கடனே இல்லாத பழைய கஞ்சில் ஒன்றைச் சொந்தப் பெயரில் வாங்கிவிடலாம். அதற்கு ஆண்டுச் சாலை வரி 20 வெள்ளிதான். பார்ப்பதற்கு அழகில்லை; ஆனால் விடியலில் யாரும் இழுத்துச் செல்ல மாட்டார்கள். கடனில் சிக்கியவர்கள், 2006இல் பேங்க் நெகாரா நிறுவிய ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிறுவனத்தை நாடலாம், ஆலோசனை இலவசம். வண்டியை இழுக்கும்வரை காத்திராமல், தவணை தவறத் தொடங்கும்போதே செல்ல வேண்டும்.

உதவ நினைக்கும் வசதியுள்ளவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெயரைக் கொடுக்காதீர்கள், முடிந்தால் பணத்தைக் கொடுங்கள். இரண்டாயிரம் வெள்ளி கைம்மாற்று திரும்பி வராவிட்டால் இழப்பு இரண்டாயிரத்தோடு முடியும். பெயரைக் கொடுத்தால் இழப்புக்கு எல்லையே இல்லை. உறவும் சேர்ந்து முறியும். என் மைத்துனர் கேட்டபோது நான் மறுத்தேன். ஓராண்டு அவர் என் வீட்டுப் படி ஏறவில்லை. என் மனைவிக்கு அது பெரும் வருத்தம். கையில் இருந்ததைக் கொடுத்து ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்க உதவினேன். இன்று நாங்கள் பேசிக்கொள்கிறோம். கையெழுத்திட்டிருந்தால் பேசிக்கொண்டிருப்போமா என்பது ஐயமே.

என் மாணவன் இப்போது பள்ளிக்கு வருகிறான். பக்கத்து வட்டாரத்து அன்பர் ஒருவர் தம் வண்டியில் அவனையும் தம்பி தங்கையரையும் ஏற்றிவருகிறார். தந்தையார் மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்கிறார். இரண்டு ஆண்டுகள் கட்டிய பணம் போனது போனதுதான். ஒரு நாள் பள்ளி வாசலில் என்னைக் கண்டு, "அடுத்த வருசம் ஒரு சின்ன வண்டி பார்க்கணும் சார். என் பேர்லயே" என்றார்.

அந்தக் கடைசிச் சொல்லை அவர் சற்று அழுத்திச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் நாம் பிள்ளைக்கு எழுதக் கற்பிப்பது அவனுடைய பெயரைத்தான். அதை எங்கே எழுதலாம், எங்கே எழுதக் கூடாது என்பதைப் பெரியவர்களாகிய நாமும் கற்றுக்கொள்வோம்.